ஃபேர்வே திறந்துவிட்டது

ரெட் ஹூக், புரூக்ளின்
மார்ச் 10, 2013

அன்பு நண்பனுக்கு,

ஃபேர்வே கடையை 1ஆம் தேதி திறந்துவிட்டார்கள். வான் பிரண்ட் தெருக் கோடியில் அந்தப் பழைய செங்கல் கிடங்கு நான்கு மாதம் இருண்டு கிடந்தது. ஞாயிறுதோறும் காய்கறி வாங்கிவிட்டு, பின்பக்கம் போய் சுதந்திர தேவி சிலையைப் பார்த்தபடி காப்பி குடிப்போமே, அதே இடம். வாங்க ஒன்றும் இல்லாமலே கடைக்குள் இரண்டு சுற்று வந்தேன்.

அக்டோபர் 29 இரவைப் பற்றி போனில் அவசரமாகத்தான் சொன்னேன். சாண்டி புயல் வந்த நேரம் பௌர்ணமி, கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. மன்ஹாட்டன் தென்முனையில் நீர்மட்டம் கிட்டத்தட்ட 14 அடி. நம் பேட்டைக்கோ மூன்று பக்கமும் தண்ணீர். தெருவில் வந்தது சீக்கிரமே வடிந்துவிட்டது, நிலவறைகளில்தான் தங்கிவிட்டது. கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர், மின்பெட்டி எல்லாம் அங்கேதானே இருக்கின்றன. உப்புத்தண்ணீர் பட்டது காய்ந்த பிறகும் அரித்துக்கொண்டே இருக்கும். துடைத்து மாட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். எல்லாம் இவ்வளவு மெதுவாக நடப்பதற்கு அதுதான் காரணம்.

அதிகம் பட்டது ரெட் ஹூக் ஹவுசஸ் மக்கள்தான். 6,000 பேருக்கு மேல் இருக்கும் அரசுக் குடியிருப்பில் பலருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை, லிஃப்ட் இல்லை, ஹீட்டர் இல்லை. நடுவில் நவம்பர் 7 அன்று பனியும் கொட்டியது. ஹிக்ஸ் தெருவில் ரெட் ஹூக் இனிஷியேட்டிவ் என்ற சமூக மையத்தில் மின்சாரம் இருந்தது. சூடான சாப்பாடு, போர்வை, போன் சார்ஜ் எல்லாம் அங்கேதான். நானும் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறினேன். ஆறாவது மாடியில் ஒரு பாட்டி, ஃபிரிட்ஜ் ஓடாததால் இன்சுலினை ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார். நான்கு நாளாக அவர் கீழே இறங்கவில்லை. அந்த முகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இப்போதும் அங்கே வெளியில் நிறுத்திய தற்காலிக பாய்லர்கள்தான் ஓடுகின்றன.

அப்புறம், நமக்கு முடிவெட்டுவாரே, அவர் கடை இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. வருடக்கணக்கில் காப்பீட்டுப் பணம் கட்டினார். வெள்ளம் அதில் சேராது என்று சொல்லிவிட்டார்கள். மத்திய அரசு கடைக்காரர்களுக்குக் கொடுப்பது கடன்தான். பழைய கடனே இருக்கிறது என்கிறார். அக்கம்பக்கத்தார் ‘ரீஸ்டோர் ரெட் ஹூக்’ என்று சேர்ந்து கடைகளுக்குப் பணம் திரட்டுகிறார்கள். அவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். போன வாரம் சுவரைப் பிய்த்துப் புதுப் பலகை அடித்துக்கொண்டிருந்தார், நானும் ஒரு கை பிடித்தேன். “உன் நண்பன் எப்போது வருவான்?” என்று கேட்டார். கோடையில் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் பழைய அறைத்தோழன்