ஒன்றரை மாத ஊசிக்கு முன்னால் ஒரு தேதி

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், குறைமாதக் குழந்தைகளைக் கவனிக்கும் எல்லா மருத்துவமனைகளுக்கும்,

வணக்கம். என் மகனுக்கு இப்போது நாலு வயது. முப்பதாவது வாரத்திலேயே பிறந்துவிட்டான், எடை 1,300 கிராம். இருபத்துநாலு நாள் கண்ணாடிப் பெட்டி, ஆக்சிஜன் என்று கிடந்து, ஒருவழியாகப் பால் குடிக்கப் பழகியதும் ஒரு சாயங்காலம் டிஸ்சார்ஜ் என்றார்கள். கையில் கொடுத்த தாளில் சொட்டு மருந்து, எடை பார்க்கும் நாள், தடுப்பூசி எல்லாம் ஆங்கிலத்தில் வரிசையாக இருந்தன. ஏழாவது வரியில் 'ஆர்ஓபி ஸ்கிரீனிங் அட்வைஸ்டு' என்று மூன்றே வார்த்தை. எங்கே, என்றைக்கு, எதற்கு என்று ஒன்றும் இல்லை. ஆர்ஓபி என்பது குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைக் கெடுக்கும் கண் நோய் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

டியூட்டிக்கு வந்த ஒரு நர்ஸ் அக்கா அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பின்பக்கத்தில் பேனாவால் ஒரு தேதியைப் பெரிதாக எழுதி வட்டம் போட்டார். "இந்த நாள மட்டும் விட்றாதம்மா, கண்ணு போயிரும்." அவர் எழுதிய தேதியில் போனதால்தான் இன்று என் மகன் வாசற்படியில் எறும்பு போவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நான் கேட்பது ஒன்றுதான். கண் பரிசோதனைக்குத் தேதியும் இடமும் முடிவாகாமல் எந்தக் குறைமாதக் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

விழித்திரையின் ரத்தக் குழாய்கள் மாதம் நிறையும்போதுதான் வளர்ந்து முடிகின்றன. குழந்தை முந்திப் பிறந்தால் அந்த வளர்ச்சி பாதியில் நிற்கிறது, ஆக்சிஜன் அளவு மீறினால் இன்னும் கெடுகிறது. அப்புறம் தாறுமாறாகப் புதுக் குழாய்கள் கிளம்பி விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். கருவிழிக்குள் வெள்ளையாகத் தெரிய ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ எடை 2,000 கிராமுக்குக் குறைந்தாலோ 30 நாளுக்குள் பார்க்க வேண்டும், 28 வாரத்துக்கும் முன்னால் பிறந்த பிள்ளைகளை இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்த விதி. 1996-ல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29 வாரத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை நடக்காமல் பார்வை போனது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு அப்போது 18 வயது முடிந்திருந்தது.

வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் கேளுங்கள். எங்கள் பக்கம் முப்பது நாள் வரை குழந்தையை வெளியே தூக்க மாட்டார்கள். கண்ணைக் காப்பாற்றும் நாளும் சரியாக அந்த முப்பதுக்குள்தான் வருகிறது! "பச்ச மண்ண வெயில்ல தூக்கிட்டுப் போறியே, அதான் முழிச்சு முழிச்சுப் பாக்குதே" என்று என் மாமியார் அழாத குறை. அவர்மேல் தப்பே இல்லை, அவரிடம் யாரும் சொல்லவில்லை. இன்னொன்று, உங்கள் பதிவேட்டில் இருப்பது புகுந்த வீட்டு முகவரி, பிள்ளை பெற்றவள் இருப்பதோ வேறு மாவட்டத்தில் அம்மா வீட்டில். கிராம சுகாதார செவிலியர் வந்து யாரைத் தேடுவார்? இரண்டு வீட்டு போன் நம்பரையும் வாங்கி வையுங்கள். ஒன்றரை மாத ஊசி என்றால் எந்தப் பாட்டிக்கும் நாள் தெரியும், ஆனால் இந்தக் கண்ணுக்கு அந்த நாளே தாமதம்.

ஒரு தடவை காட்டினால் முடிந்துவிடுவதும் இல்லை. முதல் நாள் சொட்டு மருந்து விட்டு, இமையைச் சின்னக் கம்பியால் விரித்துப் பார்த்தபோது அவன் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. "குழாய் இன்னும் வளரணும், அடுத்த வாரம் வாங்க" என்றார் டாக்டர். கூட வந்த ஒரு அம்மா, டாக்டர் ஒன்றும் இல்லை என்று சொன்னதாகவே எடுத்துக்கொண்டார், அப்புறம் அவரை நான் அங்கே பார்க்கவில்லை. எங்களுக்கு மூன்றாவது தடவையில்தான் நோய் முற்றுவது தெரிந்து, இரண்டே நாளில் இரண்டு கண்ணுக்கும் லேசர் வைத்தார்கள். அந்த நிலையில் இரண்டு மூன்று நாள்தான் அவகாசமாம். நடுவில் ஒரு வாரம் பஸ்ஸுக்குக் காசில்லை என்று நாங்கள் போகாமல் இருந்திருந்தால்?

பிரசவம் முடிந்து வீட்டில் கொண்டுவிடும் 102 வண்டியை இந்த நாள்களுக்கும் அனுப்புங்கள். கண் டாக்டர் இல்லாத ஊர் என்றால் விழித்திரையைப் படம் எடுக்கும் கேமராவை அங்கே கொண்டுபோகலாம், பயிற்சி பெற்ற டெக்னீஷியன் படம் எடுத்து அனுப்ப டாக்டர் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். பெங்களூரிலிருந்து கர்நாடகக் கிராமங்களுக்கு 2008 முதல் இப்படிச் செய்கிறார்கள்.

இதெல்லாம் வரும்வரை, செலவே இல்லாத ஒரு வேலையை நாளைக்கே தொடங்கலாம். என் மகனின் தாளில் பின்பக்கம் இருந்த அந்த வட்டத்தை எல்லாப் பிள்ளைகளின் தாளிலும் முன்பக்கத்தில், முதல் வரியாக, தமிழில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குறைமாதப் பிள்ளையின் அம்மா