சந்தையில் பார்த்த அண்ணனுக்கு நன்றி

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் என்னிடம் பேசிய அண்ணனுக்கு இந்த நன்றி. பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

ஜோடி செத்த பிறகு எங்கள் லவ் பேர்ட்ஸ் (பட்ஜி கிளி) ஆண் பறவை தினையைச் சரியாகத் தொடவில்லை. ஊஞ்சலில் அவள் உட்காரும் பக்கத்தைக் காலியாக விட்டே உட்கார்ந்திருந்தான். பார்க்கவே வயிறு பிசைந்தது.

"புதுசை உடனே உள்ளே விட்டுடாதீங்கம்மா. 30 நாள் வேற ரூம்ல வைங்க, சீக்கு இருந்தா தெரிஞ்சிடும். அப்புறம் ரெண்டு கூண்டையும் பக்கத்துல வைங்க" என்றீர்கள். மூக்குப் பகுதி பழுப்பாக இருந்தால் வளர்ந்த பெண், நீலமென்றால் ஆண் என்று காட்டியும் கொடுத்தீர்கள். மறுநாளே உங்கள் வீட்டுப் பெண் பறவையை முத்தியால்பேட்டைக்குக் கொண்டுவந்து தந்தீர்கள். காசு வாங்கவேயில்லை.

அண்ணா, இன்று காலை அவன் அவளுக்குத் தினையை ஊட்டிவிட்டான்.