பறவைகள் அடையும் மரங்களில் இரவு வெளிச்சத்தைக் குறைக்கவும் எச்ச ஆய்வுக்கு இடமளிக்கவும் கோரிக்கை

மாநகர ஆணையாளர்,
கொழும்பு மாநகர சபை,
நகர மண்டபம்,
கொழும்பு 07.

ஐயா / அம்மணி,

பேரை வாவித் தீவு மரங்கள், விகாரமகாதேவி பூங்காவின் பெருமரங்கள் ஆகியவற்றில் அடையும் பறவைகள் மீது இரவில் விழும் வெளிச்சத்தைக் குறைக்குமாறும், அதனால் என்ன மாறுகிறது என்பதை அறிய பறவைகளின் எச்சத்தில் உள்ள அழுத்த ஓமோன் கழிவுகளை ஓராண்டுக்கு அளக்கும் ஆய்வொன்றுக்கு இடமளிக்குமாறும் கீழே கையொப்பமிட்டுள்ள நாம் கேட்டுக்கொள்கின்றோம்.

"காகமும் மைனாவும் நிறையத்தானே இருக்கின்றன, அவற்றுக்கு என்ன குறை?" என்று கேட்பார்கள். எண்ணிக்கை வேறு, உடல்நிலை வேறு. பறவை மிரளும்போது அதன் அதிரீனல் சுரப்பி கோர்ட்டிகோஸ்டீரோன் என்ற ஓமோனைச் சுரக்கிறது. பூனை பாயும் வேளையில் அது உயிர் காக்கும்: சேமித்த சக்தி இரத்தத்துக்கு வரும், முட்டையிடுவது போன்ற அவசரமில்லாத வேலைகள் ஒத்திப்போகும். பூனை போனதும் அளவு இறங்க வேண்டும். வாகன இரைச்சலும் வெளிச்சமும் இரவிலும் ஓயாத இடத்தில் இந்த ஏற்ற இறக்கமே குழம்பிவிடுகிறது.

குழம்புவது என்றால் எப்போதும் கூடுவது என்றில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக் கரும்பறவைகளின் (ஐரோப்பாவின் பாடும் பறவை இனமொன்று) குஞ்சுகளையும் காட்டுக் கரும்பறவைகளின் குஞ்சுகளையும் ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்து 2006 இல் வெளியிட்ட ஆய்வில், பிடித்து வைத்தபோது நகரப் பறவைகளில் ஓமோன் குறைவாகவே ஏறியது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் எரிவாயு இயந்திரங்களின் ஓயாத இரைச்சலுக்கு அருகே கூடு கட்டிய பறவைகளின் அடிநிலை அளவு, அதாவது மிரளாத வேளையில் உள்ள ஓமோன் அளவு, தாழ்ந்திருந்ததாக 2018 இல் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்த ஓர் இனத்தில் முட்டை பொரிப்பதும் குறைந்திருந்தது. ஆகவே ஓர் அறிக்கையில் "ஓமோன் குறைவு, பறவைகள் நலம்" என்று எழுதியிருந்தால் அதை அப்படியே ஏற்கவேண்டாம்.

வெளிச்சம் மாநகர சபையின் கையிலேயே இருப்பதால் அதை முதலில் கேட்கிறோம். இரவில் வெறும் 0.3 லக்ஸ் (லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அலகு), அதாவது நல்ல நிலவொளியளவு, பட்ட கரும்பறவைகள் ஏறக்குறைய ஒரு மாதம் முந்தியே இனப்பெருக்க நிலைக்கு வந்தன. வீதி விளக்கின் அடியில் 10 லக்ஸ் சாதாரணம். எனவே மேற்படி மரங்களை அண்டிய விளக்குகளில் 2700 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு, குறையக் குறைய மஞ்சள் கூடும்) மேற்படாத மஞ்சள் எல்ஈடிகளைப் பொருத்தி, பக்கவாட்டிலும் மேற்புறத்திலும் ஒளி கசியாதபடி மூடி போட்டு, பி.ப. 10 மணிக்குப் பின் மங்கச் செய்ய வேண்டும். வெள்ளை விளக்குக்கு மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டும் குறுக்குவழி வேண்டாம். சில மாத வெயிலில் அது வெளுத்து உரிந்துவிடும். மரத்தடியிலிருந்து இலைகளை நோக்கி மேலே வீசும் விளக்குகளை எந்த மூடியும் திருத்தாது, அவற்றை அகற்றத்தான் வேண்டும். வெசாக், நத்தார் அலங்காரங்களுக்கு நாம் எதிரல்ல. மின்குமிழ்ச் சரங்கள் கரையோரக் கம்பங்களில் தொங்கட்டும். தீவு மரங்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

கிளை வெட்டுவது பற்றி ஒரே வார்த்தை: ஆண்டின் முதற் பாதியில் வெட்டுமுன் கூடு இருக்கிறதா என்று தொலைநோக்கியால் பார்க்கட்டும்.

ஆய்வுக்குப் பறவையைப் பிடிக்கவேண்டியதில்லை. இரத்தம் எடுப்பதானால் வலையில் விழுந்து 3 நிமிடங்களுக்குள் எடுத்தாக வேண்டும். அதற்குப் பின் நகரத்தை அல்ல, வலையின் பயத்தையே அளப்போம். எச்சத்தில் அந்தச் சிக்கல் இல்லை, சில மணி நேரத்துக்கு முந்திய நிலையையே அது காட்டும். மாலையில் மரத்தடியில் சுத்தமான பொலித்தீன் விரித்து, விடிகாலையில் புதிதாக விழுந்து ஈரம் காயாத எச்சத்தை மட்டும் மரக்குச்சியால் எடுத்து, குழாயில் இட்டு ஐஸ் பெட்டியில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் −20 பாகை செல்சியஸ் உறைநிலைக்குக் கொண்டுபோக வேண்டும். கொழும்பின் சூட்டில் தாமதித்தால் பற்றீரியா ஓமோன் கழிவுகளை உருமாற்றிவிடும். மழை நனைத்ததையும், நீர்க்காகமும் கூழைக்கடாவும் கலந்து அடையும் கிளையின் கீழ் எதனுடையது என்று தெரியாததையும் எறிந்துவிடுவதே நல்லது. ஓமோன் அளவு நாளுக்குள்ளேயே ஏறி இறங்குவதால் ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் எடுக்கவேண்டும். இறகு உதிர்க்கும் காலத்தைத் தனியாகக் குறிக்கவேண்டும்.

ஆய்வுகூடத்தில் மாதிரியை உலர்த்தி எடை பார்த்த பின்பே எதனோலில் பிரித்தெடுப்பார்கள். ஈரத்தோடு எடை பார்த்தால் மழை நாளும் வெயில் நாளும் ஒப்பிட முடியாமற் போகும். ஓமோனை அளக்கும் 96 குழிகள் கொண்ட ஒரு தட்டில், நியமக் கரைசல்களுக்கு (ஒப்பிட உதவும், அளவு தெரிந்த கரைசல்கள்) இடம் விட்டு ஒவ்வொன்றையும் இருமுறை அளந்தால், 40 மாதிரிகளுக்கு மேல் கொள்ளாது. மலிவு என்று கோழிக்கான சோதனைப் பெட்டியை வாங்கி, மைனாவுக்குப் பொருந்துமா என்று சரிபாராமல் பயன்படுத்தினால் காசு வீண்.

விளக்கு மாற்றுவதற்கு 3 மாதம் முன்பிருந்தே மாதிரி சேர்க்கவேண்டும், இல்லையேல் ஒப்பிட ஒன்றும் இராது. விளக்கு மாற்றாத ஓர் இடமும் பட்டியலில் இருக்கட்டும். பெல்லன்வில–அத்திடிய சரணாலயம் பொருத்தமானது. அதற்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை, விண்ணப்பத்தை நாமே தயாரித்துத் தருவோம். 2018 இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற கொழும்பு, இந்தத் தரவைத் தானே வைத்திருப்பது முறை.

மின் பொறியியல் பிரிவு அலுவலர் ஒருவரை நியமித்துத் தந்தால், லக்ஸ் மானியுடன் இரு இடங்களையும் ஓரிரவில் சுற்றிவந்து, மாற்றவேண்டிய விளக்குகளின் கம்ப இலக்கங்களைப் பட்டியலிட்டுக் கொடுக்கத் தயாராக உள்ளோம்.

இங்ஙனம்,
கொழும்பு நகரப் பறவை அவதானிப்பாளர்களும் விலங்கியல் பட்டதாரிகளும்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதி: பணிப்பாளர் நாயகம், வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம்