இயற்கை அங்காடி நடத்துவோருக்கு: அடக்க விலையையும் எழுதிப் போடுங்கள்

இயற்கை அங்காடி நடத்தும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக உங்கள் கடைகளில் மளிகை வாங்குகிறவள் நான். இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா மறைந்த 2013-இல் எங்கள் ஊரில் இப்படி ஒரே ஒரு கடைதான் இருந்தது. இன்று பேட்டைக்கு ஒன்று இருக்கிறது. சந்தோஷம். ஆனால் வாங்க வருகிறவர்கள் மட்டும் மாறவே இல்லை. போன மாதம் எங்கள் தெருவில் பூ கட்டும் அக்காவை அழைத்துப் போனேன். அவருக்குச் சர்க்கரை நோய். மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய அரிசிப் பொட்டலத்தை எடுத்து விலையைப் பார்த்தார். எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்துவிட்டு, "வா கண்ணு, போலாம்" என்றார். ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கும்போது அவர் வேறென்ன செய்வார்?

அந்தப் பொட்டலம் அரைக் கிலோ, 70 ரூபாய். கிலோவுக்கு 140. என் சித்தப்பா திருத்துறைப்பூண்டிப் பக்கம் அதே நெல்லைத்தான் போடுகிறார். 160 நாள் பயிர். தையில் அறுத்து, 75 கிலோ மூட்டையை 2,400 ரூபாய்க்குக் கொடுத்தார். அரைத்தால் அதில் 45 கிலோ அரிசி தேறும். ஆக, உழவர் கைக்கு வந்தது அரிசிக் கணக்கில் கிலோவுக்கு 53 ரூபாய் சொச்சம். அரவைக்கூலி, வண்டிக்கூலி, சாக்கு எல்லாம் சேர்த்து ஒரு 12 ரூபாய் என்று வையுங்கள். 65 ஆகிறது. மீதி 75 ரூபாய் எங்கே போகிறது? வாங்குகிறவருக்கும் தெரியவில்லை, விளைவித்தவருக்கும் தெரியவில்லை.

அது முழுக்க உங்கள் லாபம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு கடையின் பின்கட்டில் கம்பு புடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மூட்டையின் அடியில் கைவிட்டு அள்ளினால் தானியத்தோடு மாவும் சேர்ந்து வந்தது. 25 கிலோவில் மூன்று கிலோ வண்டுக்குப் போய்விட்டது என்றார் அந்தக் கடைக்கார அக்கா. மருந்து வைக்காத தானியத்துக்கு வெயில் காலம் வந்தால் இதுதான் கதி. புடைத்து, சலித்து, காயவைத்து எடுக்க ஆள் கூலி வேறு. பெரிய கடையில் ஒரு நாளில் போகும் சரக்கு உங்களிடம் ஒரு மாதம் கிடக்கும். வாடகையோ இருவருக்கும் ஒன்றுதான். இதையெல்லாம் விலையில் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் சேர்த்ததைச் சொல்லுங்கள் என்கிறேன்.

1999-இல் மதுரையில் உழவர் சந்தை தொடங்கியபோதே விலையைத் தினமும் பலகையில் எழுதிப் போட்டார்கள். நீங்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். உழவருக்குக் கொடுத்தது இவ்வளவு, அரவையும் வண்டியும் இவ்வளவு, கழிவு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு என்று நாலு வரி எழுதுங்கள். முதலில் ஒரே ஒரு அரிசிக்குப் போட்டாலும் போதும். கடையின் பங்கு 20 ரூபாய் என்று கண்ணால் பார்க்கிறவர் பேரம் பேச மாட்டார். நியாயமான லாபத்துக்கு நம் ஊரில் யாரும் முகம் சுளித்ததில்லை.

எண்ணெய்க்கும் இது பொருந்தும். செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு விலையைப் பலகையில் போட்டுவிட்டால், அந்த இரண்டரைக் கிலோவின் விலையை விடக் குறைவாக "மரச்செக்கு" எண்ணெய் என்று விற்கிறவரின் சங்கதி தானாக வெளியே வந்துவிடும். ரொம்ப மலிவான விலையும் நேர்மையான விலை இல்லையே.

அப்புறம் அந்த அரைக் கிலோ பொட்டலம். 2022 ஜூலையிலிருந்து, பொட்டலம் கட்டிச் சீட்டு ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. மூட்டையைப் பிரித்து எடை போட்டுக் கொடுத்தால் அந்த வரி இல்லை. பையும் சீட்டும் மிச்சம். நாங்கள் தூக்குவாளியும் துணிப்பையும் கொண்டு வருகிறோம். கால் கிலோ கேட்கிறவருக்கும் கால் கிலோவாகவே போடலாம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தை அறுவடையின்போதே எங்களிடம் முன்பணம் வாங்குங்கள். பத்து வீடு சேர்ந்தால் இரண்டு மூன்று மூட்டை போய்விடும். சரக்கு உங்களிடம் கிடக்காது, வண்டுக்கும் போகாது. அப்படி முன்பதிவு செய்கிறவர்களுக்குக் கிலோ 85, 90 ரூபாய்க்குக் கட்டுப்படியாகும் என்று என் கணக்கு சொல்கிறது. தப்பாக இருந்தால் உங்கள் கணக்கைக் காட்டித் திருத்துங்கள். எங்கள் தெருவில் ஆறு வீடு இப்போதே தயார். பூ கட்டும் அக்கா வாரம் 50 ரூபாயாகக் கட்டிவிடுகிறேன் என்கிறார். அதை வரவு எழுத ஒரு நோட்டு மட்டும் நீங்கள் போட வேண்டும்.

இப்படிக்கு,
மாதம் இருமுறை உங்கள் கடைக்கு வரும் வாடிக்கையாளர்