நிலத்தை விற்காதீர்கள்

வீட்டுவசதித் துறை அமைச்சர்களுக்கும் திட்ட அதிகாரிகளுக்கும்,

வணக்கம். தேர்தலுக்குத் தேர்தல் 'இத்தனை லட்சம் வீடுகள்' என்று அறிவிக்கிறீர்கள். அவை எந்த நிலத்தில் எழும், முப்பது ஆண்டு கழித்து யார் கையில் இருக்கும் என்று ஒரு வரி கூட இருப்பதில்லை.

வியன்னா நகரம் 1923-ல் வசதி படைத்தவர்கள் மீது கூடுதலாக விழும்படி ஒரு வீட்டு வரியைப் போட்டது. 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் எழுந்தன. பின்னாளிலும் அவற்றைக் கூறுபோட்டு விற்றுவிடவில்லை. இன்று சுமார் 2,20,000 வாடகை வீடுகள் நகராட்சிக்குச் சொந்தம். 1984-ல் நிலம் வாங்கிச் சேர்ப்பதற்கென்றே தனி நிதியமும் அமைத்தார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். கட்டுமானச் செலவை எப்படியாவது சமாளிக்கலாம். விலை ஏறிய பிறகு நிலம் வாங்கப் போனால் எந்தக் கஜானாவும் தாங்காது.

பிரிட்டன் எதிர்த்திசையில் போனது. 1980-ம் ஆண்டுச் சட்டப்படி, நகராட்சி வீட்டில் குடியிருந்தவர்களே அதைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். வாங்கியவர்களைக் குறை சொல்ல மாட்டேன், யார்தான் விடுவார்கள்? ஆனால் விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. விற்ற வீடுகளில் கணிசமானவை தனியார் வாடகைக்குப் போயின. அங்கே குடியிருக்கும் ஏழைகளுக்கு அரசே வாடகை உதவித்தொகை தருகிறது, அதுவும் கூடுதலாக. ஸ்காட்லாந்து 2016-லும் வேல்ஸ் 2019-லும் இந்த விற்பனையை நிறுத்தின.

சிங்கப்பூர் 1966-ல் நில எடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. அரசு அமைப்பான வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டும் வீடுகளை 99 ஆண்டுக் குத்தகைக்குத்தான் கொடுக்கிறது. நிலம் அரசிடமே இருக்கிறது. (நிலம் பறிபோனவர்களுக்குக் கிடைத்த இழப்பீடு சந்தை விலையை எட்டவில்லை, அதை மறைத்து இந்த முறையைப் புகழ்வது நியாயமில்லை.)

மலிவாகக் கிடைக்கிறதே என்று ஊருக்கு வெளியே கட்டினாலும் ஆகாது. மெக்சிகோவில் 2000-களில் நகரங்களுக்கு அப்பால் வரிசை வரிசையாக எழுந்த வீடுகளில் ஏராளமானவை கைவிடப்பட்டுக் கிடந்தன. வேலைக்குப் போய்வரும் செலவும் நேரமும் கட்டுப்படியாகவில்லை.

ஆகவே அடுத்த நிதிநிலை அறிக்கையோடு ஒரு பட்டியலையும் சேர்த்து வெளியிடுங்கள்: நகர எல்லைக்குள் அரசிடம் உள்ள காலி நிலம் எவ்வளவு, கடந்த பத்தாண்டில் எதை, யாருக்கு, என்ன விலைக்கு விற்றீர்கள். பட்டியல் வரும்வரை பொது நில ஏலங்களை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒருவர்