கீபோர்ட் கலைஞரின் பெயரையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வாரமலரின் இசைப்பக்கத்தில் ஆங்கிலேயப் பியானோ கலைஞர் நிக்கி ஹொப்கின்ஸைப் பற்றி வெளிவந்த குறிப்பு, பிறருக்காக வாசித்துப் புகழ்பெற்றவர் தனக்கென வாசித்தபோது தோற்றுப்போனார் என்று முடிந்திருந்தது. அது அவசரத் தீர்ப்பு என்பது என் எண்ணம்.

1963 இல் கடும் குடல்நோயுடன் மருத்துவமனையில் சேர்ந்து ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக அங்கேயே கிடந்த ஹொப்கின்ஸ், ஊர் ஊராகச் சென்று மேடையேற உடல் இடங்கொடாததாலேயே லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் அழைத்தவர்க்கெல்லாம் வாசிப்பவரானார். 1968 இல் ஆங்கிலேய இசைக்குழுவான பீட்டில்ஸ் வெளியிட்ட 'ரெவல்யூஷன்' இசைத்தட்டில், பாட்டின் நடுவே துள்ளியெழும் மின்பியானோ அவருடையதுதான். 1973 இல் அவரது தனி அல்பம் வெளிவந்தபோது பீட்டில்ஸின் ஜோர்ஜ் ஹரிசனே புனைபெயரில் கிற்றார் வாசித்துக் கொடுத்தார். ஹொப்கின்ஸின் குரல் மெலிந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த அல்பத்தின் பியானோவைக் கேட்ட எவரும் அதைத் தோல்வி என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிவிட மாட்டார்கள். அதே தொழிலில் இருந்த அமெரிக்கக் கீபோர்ட் கலைஞர் பில்லி பிரெஸ்டனோ, 1973 இலும் 1974 இலும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த சொந்தப் பாடல்களைத் தந்தார். அவர் நல்ல பாடகர் என்பது ஒருபுறமிருக்க, 1969 இல் 'கெட் பேக்' இசைத்தட்டில் பீட்டில்ஸின் பெயரோடு அவர் பெயரும் அச்சாகியிருந்ததை மறந்துவிடக்கூடாது.

பெயர் அச்சாவதன் அவசியத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் எங்கள் வன்னியிலேயே இருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துத் திருவிழா இரவுகளில் குழல், வயலின், நாதஸ்வரம் மூன்றையும் ஒரே கீபோர்டில் ஒப்பேற்றுபவரும், பாடகர் சுருதியை அரைக்கட்டை ஏற்றி எடுத்துவிட்டால் பல்லவி முடியுமுன் கீபோர்டின் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானைத் தட்டி மானத்தைக் காப்பாற்றுபவரும் ஒருவரே. ஊர்க்கோயில் பக்திப்பாடல் இறுவட்டுகளுக்கு இசை முழுவதையும் தம் வீட்டு அறையில் கணினியில் கோப்பவரும் பெரும்பாலும் அவர்தான். ஆனால் உறையிலே பாடியவர், எழுதியவர், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய குடும்பம் எல்லாம் படத்தோடு இடம்பெற, இவர் பெயர் இருந்தால் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். இப்படிப்பட்டவர் ஒருநாள் பாட்டில்லாத, வெறும் வாத்திய இசையாலான தம் சொந்தப் படைப்பை வெளியிட்டால், யாரென்று தெரியாத ஒருவரின் இசையை எவர் தேடிக் கேட்கப்போகிறார்?

ஆகவே, இசை நிகழ்ச்சிச் செய்திகளிலும் இறுவட்டு வெளியீட்டுச் செய்திகளிலும் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களைத் தவறாது அச்சிடுமாறும், அவர்களுடைய தனிப்படைப்புகளுக்குப் பாடகர்களின் படைப்புகளுக்கு நிகரான விமரிசன இடம் ஒதுக்குமாறும் வேண்டுகிறேன். பெயர்களை அனுப்பாத ஏற்பாட்டாளர்களிடம் தங்கள் நிருபர்கள் ஒரு வார்த்தை கேட்டாலே போதும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
பரந்தன்.