குட்டியின் காலும் சித்தாளின் கையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு கட்டுவோருக்காகத் தாங்கள் வெளியிடும் வாராந்தரப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறேன். சிமெண்ட் மூட்டையை எப்படி அடுக்குவது, பூச்சுக்கு எத்தனை நாள் தண்ணீர் விடுவது எல்லாம் அதில் வந்துவிட்டன. வராத ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீடு 1984-இல் கட்டியது. போன ஐப்பசி மழையில் மாடித் தட்டோட்டின் இடுக்கு வழியே தண்ணீர் இறங்கி, பூஜை அறைச் சுவர் ஊறிவிட்டது. தை பிறந்ததும் கொத்தனாரை வரச் சொன்னேன். அதே வாரம் யாரோ தெருமுனையில் ஒரு பெட்டை நாய்க்குட்டியை விட்டுவிட்டுப் போனார்கள். (ஆண் குட்டி என்றால் போட்டி போட்டுக்கொண்டு தூக்கிப் போவார்கள்.) பேத்தி அதற்குச் செவலை என்று பெயர் வைத்துவிட்டாள். அப்புறம் எங்கே வெளியே விடுவது?

தடுப்பூசி முழுதும் போட்டு முடியும்வரை தெருவில் இறக்காதீர்கள், பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்தால் குட்டி தாங்காது என்றார் கால்நடை மருத்துவர். ஆகவே ஜல்லி, மணல், சாரக் கயிறு இவற்றுக்கு நடுவிலேயே அது வளர்ந்தது. மூன்றாம் நாள், குழைத்து வைத்த கலவையில் நாலு காலையும் வைத்துவிட்டு ஓடியது. எல்லோரும் சிரித்தோம். புதுப் படிக்கட்டில் பதிந்த தடத்தைப் பேத்தி படம்கூட எடுத்தாள்.

ராத்திரி முழுக்கக் குட்டி காலை நக்கியபடி முனகியது. விடிந்து பார்த்தால் விரலிடுக்கெல்லாம் ரத்தச் சிவப்பு, ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது. மருத்துவர் என்னைத்தான் கடிந்துகொண்டார். "வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் நாக்கு வெந்துபோகுதே, தெரியாதா? சிமெண்டில் தண்ணீர் பட்டால் அதே சுண்ணாம்புதான் உண்டாகும். பட்டவுடனே நல்ல தண்ணீரில் கழுவியிருக்க வேண்டாமா?"

இதை வந்து சொன்னபோது கொத்தனார், "நாய்க்குட்டிக்குப் போயி இம்புட்டு பதறுதியளே" என்றார். கலவை சுமக்கும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டிக் காட்டினார். விரல் நுனிகளில் மிளகு அளவுக்குக் குழி குழியாகப் புண். இரண்டு விரலில் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியிருந்தார். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாராம். "ரேசன் கடை மெசின்ல ரேகையே விழமாட்டேங்கு சார்" என்றார், ஏதோ மெசினில்தான் கோளாறு என்பதுபோல.

நாற்பது வருடத்தில் இந்த வீட்டில் எத்தனை முறை கொத்து வேலை நடந்திருக்கும்! ஒரு முறையாவது அந்தக் கைகளைப் பார்த்தேனா?

மறுநாளே கையுறை வாங்கினேன். மெல்லிசு ரகம். ஒரு மணி நேரத்தில் உள்ளே வியர்வையும் கலவைப் பாலும் சேர்ந்து முன்னைவிட மோசமாகிவிட்டது. கழற்றி எறிந்துவிட்டார்; நியாயம்தான். பிறகு முழங்கைவரை வரும் கனமான ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தேன். குழைக்கும்போதும் சட்டி தூக்கும்போதும் மாட்டிக்கொண்டார். கொத்தனார் மட்டும் கரணை பிடிபடாது என்று தொடவே இல்லை.

கட்டடத் தொழிலாளர்களுக்காக 1996-இல் வந்த மத்தியச் சட்டம், பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீட்டு வேலையை விலக்கியே வைத்திருந்தது. என் போன்றவர்களின் மராமத்து எல்லாம் அந்த விலக்குக்குள் அடங்கிவிடும். ஆக, கேட்பதற்கு ஆளில்லை. கொத்தனார் எழுதித் தந்த மதிப்பீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எம் சாண்ட், தட்டோடு, நீர்க்கசிவு மருந்து, இரண்டு வேளை டீ, பூஜைச் சாமான்வரை இருக்கிறது, கையுறை இல்லை. தங்கள் பக்கத்தில் மராமத்துச் செலவுப் பட்டியல் போடும்போது அந்த ஒரு வரியையும் சேர்த்துப் போடுங்கள். எந்த ரகம் நல்லது, எந்த வேலைக்கு எது என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.

செவலையின் கால் ஆறிவிட்டது. இப்போது அதற்குப் பல் முளைக்கும் பருவம். நேற்று இடக்கைக் கையுறையைக் கடித்துக் குதறிவிட்டது. குளியலறைத் தரைவேலை பாக்கி இருப்பதால், இன்று சாயங்காலம் இன்னொரு ஜோடி வாங்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக எழுத்தர்,
பாளையங்கோட்டை.